சரக்குக்காரி சரி சொல்லவில்லை

பழைய பேப்பர் கடை என்றாலே ஏமாற்று வேலை என்றுதான் பேச்சு. வாங்குகிறவன் தராசு மேடைக்கு அடியில் கால் கட்டைவிரலைக் கொடுப்பான். விற்கிறவன் கட்டின் நடுவில் ஈரப் பேப்பரைச் செருகியிருப்பான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பெருந்தன்மையாகச் சிரித்துக்கொள்வார்கள்.

கடைக்குட்டியின் அப்பா கடை திறந்த அன்றே இதற்கு ஒரு முடிவு கட்டிவிட்டார். கடையின் நட்டநடுவில் இரும்பு மேடைத் தராசு. இடதுபக்கம் இரும்பு, வலதுபக்கம் பாட்டில், பின்பக்கம் கூரையை முட்டும் அட்டைக் கட்டுகள். சரக்கு மேடையில் ஏறியதும் எல்லோரும் ஓரடி பின்னால் நிற்க வேண்டும். அப்பா தராசுக்கோலில் எடைக்கல்லை நகர்த்துவார். கோல் ஆடி நின்றதும் எடையை உரக்கக் கூவுவார். பின்னால் கட்டு அடுக்கிக்கொண்டிருக்கும் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அதைக் காதில் வாங்கித் திருப்பிக் கூவுவார். அதற்குப் பிறகு சரக்குக்காரர் 'சரி' என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் சரக்கு கடையுடையது. சொல்லவில்லையென்றால் கடைக்காரர் கை அதன்மேல் படக்கூடாது. அப்பாவே 'சரக்கு திரும்புது' என்று கூவிவிட வேண்டும், சரக்குக்காரர் தூக்கிக்கொண்டு போகலாம். கோபமில்லை, கேள்வியில்லை. இந்த ஒழுங்கு பிடித்துப்போய்த்தான் காலி பாட்டில் சேர்த்து விற்கிற பாட்டில்காரம்மா மாதிரி ஆட்கள் வழியில் இருக்கிற மற்ற கடைகளையெல்லாம் தாண்டி ஞாயிற்றுக்கிழமைதோறும் இங்கே வந்து நின்றார்கள்.

மாமாவுக்குத் தொண்டை அப்படி ஒரு தொண்டை. அவர் கூவினால் எதிர்ச்சாரியில் சைக்கிள் கடைக்காரர் பம்பு அடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்.

கடைக்குட்டி என்பது கடைசியாகப் பிறந்ததற்காக வைத்த செல்லப்பெயர். அவளுக்கு மேலே இரண்டு அண்ணன்கள், இருவரும் வேலை தேடி வெளியூர் போய்விட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கொண்டுவந்த அன்று, அப்பா மேடையில் ஒரு சுத்தமான சாக்கை விரித்து, அதன்மேல் துண்டை விரித்து, அதன்மேல் குழந்தையை வைத்து எடை போட்டார். கூவினார். மாமா திருப்பிக் கூவினார். தூங்கிக்கொண்டிருந்த குழந்தை வீறிட்டது. 'சரி சொல்லிட்டா' என்று எல்லோரும் சிரித்தார்கள்.

அதன்பின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு எடை. அவளுக்கு அது விளையாட்டு. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, விறைப்பாக நின்று, கோல் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொள்வாள். அப்பா கூவுவார், மாமா கூவுவார், அவள் 'சரி' என்று கத்திவிட்டுக் குதித்து இறங்குவாள். போன வருஷத்தைவிடக் கூடியிருந்தால் அப்பாவுக்குப் பெருமை. 'நம்ம சரக்குக்கு என்னைக்கும் எடை குறையாது' என்பார்.

அவளுக்குப் பன்னிரண்டு முடிந்த வருஷம் பள்ளியில் உடல் பரிசோதனை நடந்தது. எடை அதிகம், பெற்றோர் கவனிக்கவும் என்று சொல்லி அனுப்பினார்கள். எப்படிக் கவனிப்பது என்று யாரும் சொல்லவில்லை. பெற்றோர் தங்களுக்குத் தெரிந்தபடி கவனித்தார்கள். அப்பாவுக்குத் தெரிந்தது தராசு. அம்மாவுக்குத் தெரிந்தது அடுப்படி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை திறந்ததும் முதல் எடை கடைக்குட்டியுடையது என்று ஆயிற்று. அம்மா அவள் தட்டில் சோற்றைப் பாதியாக்கினாள். கூடவே தன் தட்டிலும் பாதியாக்கிக்கொண்டாள், பிள்ளைக்குத் துணையாக இருக்கட்டுமென்று. பிஸ்கட்டும் சர்க்கரையும் ரொட்டியும் அலமாரிக்குள் போயின. அலமாரிக்கு ஒரு பூட்டு வேண்டும் என்றபோது அப்பா இரும்புக் குவியலைக் கிளறி, யாரோ எடைக்குப் போட்ட ஒரு கனத்த பூட்டைச் சாவியோடு எடுத்தார். எண்ணெய் விட்டு, திறந்து மூடிப் பார்த்து, 'புதுசே தோத்துப்போகும்' என்று கொண்டுவந்து கொடுத்தார். அம்மா சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

ரெண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் அவளுக்கு வேலை சுலபம். எதிர்த்து ஒரு மூச்சு சண்டை போட்டிருப்பாள்.

எடையைக் கூவாமல் போடத்தான் அப்பா முதலில் நினைத்தார். ஆனால் அவர் வாய் அப்படிப் பழகவில்லை. கோல் நின்றால் எண் வாயிலிருந்து விழுந்துவிடும். விழுந்தால் மாமா எடுத்துவிடுவார். ஆணி அடிக்கிற சுத்தியல் மாதிரி, ரெண்டு அடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய நோட்டுகளை எடைக்குப் போட அம்மாவோடு வந்திருந்த வகுப்புப் பையன் ஒருவன் அந்த எண்ணைக் கேட்டான்.

அந்த எண் இங்கே வேண்டாம். அதைத் தெரிந்துகொண்டு யாருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை. திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் வகுப்பு முழுக்க அவளுக்கு அதுதான் பெயர். வருகைப் பதிவில் அந்த வரிசை எண்ணுக்கு உரியவள் ஒரு ஒல்லிப் பெண், அவள் 'உள்ளேன்' என்றபோதெல்லாம் பின்வரிசை சிரித்தது. அந்த ஒல்லிப் பெண்ணும் பாவம்.

கடைக்குட்டி வாயாடி. 'உங்க வீட்டு நோட்டு மூணு வருஷ பாடம், ஒரு பக்கம்கூட எழுதல. அதையும் சேத்துக் கூவட்டுமா' என்று பையனிடம் கேட்டாள். அவனை வைத்து வகுப்பு ரெண்டு நாள் சிரித்தது. பிறகு மறுபடி எண்ணுக்கே வந்தார்கள். அவள் வாய் வெளியே ஜெயித்தது. உள்ளே வேறு கணக்கு நடந்தது.

காலையில் சாப்பிடமாட்டாள். மத்தியானச் சாப்பாட்டை யாருக்காவது கொடுத்துவிடுவாள். சாயங்காலம் பள்ளி விட்டுக் கடைக்கு வரும்போது கை நடுங்கும், எழுத்து ரெண்டாகத் தெரியும். வழியில் ரொட்டிக்கடை, கையில் இருக்கிற காசுக்கெல்லாம் வாங்கிக்கொள்வாள். அட்டைக் கட்டுகளுக்குப் பின்னால் ஒரு ஆள் உட்கார இடம் இருந்தது, சின்ன வயதில் ஒளிந்து விளையாடிய இடம். அங்கே போய் உட்கார்ந்தால், முதல் வாய் மட்டும்தான் அவளுக்கு ருசி தெரியும். மிச்சமெல்லாம் யாரோ துரத்துகிற மாதிரி. பசி எப்போது தீர்ந்தது என்றே தெரியாது. வயிறு வலித்தபிறகும் கை போய்க்கொண்டே இருக்கும். முடிந்ததும் ஒரு ஓய்ச்சல். அதற்கப்புறம் அவமானம். நாளையிலிருந்து ஒன்றுமே தொடமாட்டேன் என்று ஒரு சத்தியம். மறுநாள் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றுவாள், சாயங்காலம்வரை. சத்தியம் எவ்வளவு கெட்டியோ, சாயங்காலம் அவ்வளவு மோசமாக இருக்கும். பட்டினிதான் அந்தச் சாயங்காலத்துக்குத் தீனி போடுகிறது என்று அவளுக்கு அப்போது தெரியாது. தனக்கு வெட்கமில்லை, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

இப்படி ஒளிந்து தின்கிற மற்றப் பிள்ளைகளுக்கு உறைகளை மறைப்பது பெரும்பாடு. அவளுக்கு அந்தக் கவலை இல்லை. பழைய பேப்பர் கடையில் உறையை மறைக்கவா இடமில்லை. பக்கத்தில் எந்த மூட்டை வாய் திறந்திருக்கிறதோ அதற்குள் திணித்துவிடுவாள்.

ஆனால் மூட்டைகளைப் பிரித்துத் தரம் பார்ப்பது மாமா. ஒரு நாள் அச்சகத்திலிருந்து வந்த மூட்டையைக் கொட்டினார். வெட்டிப்போட்ட காகித ஓரங்களுக்கு நடுவில் ரொட்டி உறைகள்.

"அத்தான், அச்சகத்துல புத்தகம் அடிக்கிறதை விட்டுட்டு ரொட்டி சுட ஆரம்பிச்சிட்டாங்களா?"

நகைச்சுவையாகத்தான் கேட்டார், அவருடைய வழக்கமான சத்தத்தில். அப்பா எழுந்து வந்தார். ஒவ்வொரு உறையாக எடுத்துப் பார்த்தார். ரொட்டிக்கடை எது என்று உறையிலேயே போட்டிருந்தது. மாமாவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. கூவினதைத் திருப்பி வாங்க முடியுமா. குனிந்து காகித ஓரங்களைப் பொறுக்க ஆரம்பித்துவிட்டார்.

சாயங்காலம் கடைக்குட்டி வந்ததும் அப்பா கத்தவில்லை. மேடையைக் காட்டினார்.

"ஏறு."

"இன்னைக்கு ஞாயிறு இல்லையேப்பா."

"இனிமே வியாழனும் உண்டு. வாயைக் கட்டத் தெரியாதவளுக்கு ரெண்டு எடை."

ஏறினாள். கூவினார். மாமா முணுமுணுத்தார், ஆனால் மாமாவின் முணுமுணுப்பே பக்கத்துக் கடைவரை கேட்கும். அவள் தரையைப் பார்த்தபடி 'சரி' என்றாள்.

அந்த வாரம் அவள் தண்ணீரைத் தவிர எதுவும் வேண்டாம் என்று ரெண்டு நாள் கிடந்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் அட்டைக் கட்டுக்குப் பின்னாலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. வயிறு கல்லாகி, வேர்த்துக் கொட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு கிடந்தவளை மாமாதான் தூக்கிவந்தார். சரக்கு ஏற்றும் கைவண்டியில் உட்காரவைத்து மருத்துவமனைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

வயிற்றைப் பார்த்த டாக்டரம்மா அம்மாவைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். என்ன சாப்பிட்டாய் என்று கேட்கவில்லை. எப்படிச் சாப்பிட்டாய் என்று கேட்டார். தனியாகவா, வேகமாகவா, பசிக்கா. இவ்வளவு நேராக யாரும் அவளைக் கேட்டதில்லை.

"நிறுத்தணும்னு நெனைக்கிறேன். கை நிக்க மாட்டேங்குது" என்றாள்.

"எத்தனை நாளா?"

"ரொம்ப நாளா. எனக்கு வெட்கமே இல்ல டாக்டர்."

"வெட்கம் இருக்கிறதாலதான் ஒளிஞ்சு சாப்பிடுறே. அது இல்லாததால இல்ல. இது ஒரு நோய். பேர் இருக்கு, வைத்தியம் இருக்கு. உன் வயசுப் பிள்ளைங்க நிறையப் பேருக்கு வருது. ஒல்லியா இருக்கிறவங்களுக்கும் வருது."

பிறகு அப்பாவையும் அம்மாவையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். தன்னை மீறி அளவில்லாமல் சாப்பிட்டுவிடுகிற கோளாறு இது, திமிர் இல்லை என்றார். பட்டினி போட்டால் கூடும், கேலி செய்தால் கூடும், எடை எடை என்று பேசினால் கூடும். மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பாடு, நடுவில் சிற்றுண்டி, எதையும் தவிர்க்கக்கூடாது. வாரம் ஒருமுறை இங்கே ஆலோசகரிடம் பேச வரவேண்டும். சாப்பாட்டுப் பொருளுக்குப் பூட்டு கூடாது.

"அப்போ எடை?" என்றார் அப்பா.

"எடையைப் பத்தி இப்போ பேச வேண்டாம். அடுத்த வேளைச் சாப்பாடு கட்டாயம் வரும்னு முதல்ல அவ வயிறு நம்பணும். வீட்ல தராசு இருந்தா எடுத்து வச்சிடுங்க."

"வீட்ல இல்லம்மா. கடையில இருக்கு. நாலு பேர் சேந்தாலும் அசைக்க முடியாது."

டாக்டரம்மா அவர் வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்துச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

வழியில் அம்மாவிடம் புலம்பினார். "எடை போடாதேன்னா எப்படி? கண்ணை மூடிக்கிட்டு வண்டி ஓட்டுன்னு சொல்ற மாதிரி இருக்கு."

"நீங்க கண்ணைத் திறந்து ஓட்டித்தான் வண்டி இங்க வந்து நிக்குது" என்றாள் அம்மா. சொல்லிவிட்டுக் கழுத்துச் சாவியைக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

அடுத்த நாளிலிருந்து எடை நின்றது, காலையில் தட்டு வந்தது, முழுத் தட்டு. கடைக்குட்டி அதை வீட்டுப்பாடம் மாதிரிச் சாப்பிட்டாள். பிடிக்கவில்லை, பயமாகக்கூட இருந்தது. இவ்வளவும் உள்ளே போனால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டாள். ஆலோசகர் அந்தக் கணக்கை எழுதச் சொல்லவில்லை, வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். சொன்னால் பாதிக் கணக்கு அபத்தமாக இருந்தது. பதினொரு மணிக்கு ஒரு வாழைப்பழம், பள்ளி இல்லாத நாளில் கூடவே ஒரு டம்ளர் பாலும், சாயங்காலம் பள்ளி விட்டதும் ரொட்டி, மேசையில், தட்டில். அட்டைக் கட்டுக்குப் பின்னால் போகிற நாட்கள் குறைந்தன. நின்றுவிட்டன என்று சொன்னால் பொய். குறைந்தன. முன்பு வாரம் முழுக்க இருந்தது, இப்போது அங்கே போகாத வாரமும் ஒன்று வந்தது. அந்த வாரம் அவள் யாரிடமும் சொல்லாமல் தனக்குள் கொண்டாடினாள். எங்கே இது கையை விட்டுப் போய்விடுமோ என்ற பயமும் கூடவே இருந்தது. முதல்முறையாக அவளிடம் இழப்பதற்கு ஏதோ இருந்தது.

அலமாரிப் பூட்டைத் திறந்துவிட்டாள் அம்மா. ஆனால் கழற்றவில்லை. திறந்த வாயோடு அது கொண்டியில் தொங்கிக்கொண்டே இருந்தது. சாவியும் கழுத்திலேயே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடையில் கூட்டம். கடைக்குட்டி வலதுபக்கம் பாட்டில்களை நிறவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். பாட்டில்காரம்மா சாக்கோடு காத்திருந்தாள், அவளுக்குப் பின்னால் நாலைந்து பேர். அப்பா ரெண்டு மூன்று தடவை மகளைத் திரும்பிப் பார்த்தார். காலையில் அவள் முழுத் தட்டும் சாப்பிட்டதை அவர் பார்த்திருந்தார்.

"கடைக்குட்டி, இங்க வா. சும்மா ஒரு தடவை பாத்துடுவோம்."

"டாக்டரம்மா வேண்டாம்னாங்கப்பா."

"அவங்களுக்குத் தெரியவேண்டாம். ஒரே தடவை. எனக்கு மனசு கேக்கல. ஏறு."

அவள் கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தாள். போகாமல் இருந்திருக்கலாம். வீட்டுக்கு ஓடியிருக்கலாம். ஓடினால் வியாழன் வரும், அடுத்த ஞாயிறு வரும். மாசம் பூரா ஓடவா முடியும். கையைத் துடைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, மேடையில் ஏறினாள். எல்லோரும் பழக்கத்தில் ஓரடி பின்னால் போனார்கள்.

அப்பா எடைக்கல்லை நகர்த்தினார். கோல் ஆடி நின்றது. எண் அவர் வாயிலிருந்து விழுந்தது, வழக்கமான சத்தத்தில். பின்னால் மாமா திருப்பிக் கூவினார். கூவின மறுநொடியே வாயைப் பொத்திக்கொண்டார், ஆனால் கூவியாகிவிட்டது.

பிறகு, அவளுடைய முறை.

"இறங்கு" என்றார் அப்பா.

"நான் சரி சொல்லலையேப்பா."

"என்ன?"

"நீங்க கூவினீங்க. மாமா திருப்பிக் கூவிட்டார். சரக்குக்காரி சரி சொல்லணும். சொல்லல."

அப்பாவின் முகம் சிவந்தது. அந்தக் கடையில் கோபம் வருவதற்கு ஒரே காரணம்தான் உண்டு.

"என் தராசு தப்புங்கறியா?"

"தராசு சரியாத்தான் இருக்கு. சரக்கு என்னுது. குடுக்க இஷ்டமில்ல. அவ்வளவுதான்."

"விளையாடாதே. ஆள் காத்திருக்காங்க. இறங்கு."

"திரும்புதுன்னு கூவுங்க. இறங்குறேன்."

சொல்லிவிட்டு மேடையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா ஒரு அடி முன்னால் வந்தார், கையைப் பிடித்து இறக்கிவிடலாமென்று.

"ஏம்பா, கை வைக்கக்கூடாது" என்றாள் பாட்டில்காரம்மா. "சரி சொல்லாத சரக்கு மேல கடைக்காரர் கை படக்கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு, நானா?"

"இது என் பொண்ணும்மா."

"பொண்ணுன்னா ஏன் தராசுல ஏத்தினே?"

வரிசையில் யாரோ இருமுவதுபோலச் சிரித்தார்கள். அப்பா மாமாவைப் பார்த்தார்.

"மச்சான், நீ சொல்லு அவகிட்ட."

மாமா கட்டுகளுக்கு நடுவிலிருந்து வெளியே வந்தார். கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்தார். "நான் இனிமே இதைத் திருப்பிக் கூவ மாட்டேன் அத்தான். இன்னைக்குக் கூவினதே தப்பு. நான் வாயைத் திறந்து திறந்துதான் புள்ளைக்கு அந்தப் பட்டப்பேரு வந்துச்சு." அவர் வாழ்க்கையிலேயே அதுதான் தாழ்ந்த குரலில் பேசிய பேச்சு. எதிர்ச் சைக்கிள் கடைக்காரருக்குக் கேட்கவில்லை.

கடைக்குட்டி மேடையில் அசையாமல் இருந்தாள். முன்னால் ஒரு கடை நிறையப் பேர் தன் உடம்பைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. பார்க்கட்டும். இத்தனை வருஷம் எண்ணாகக் கேட்டவர்கள்தானே. ஒரு தடவை ஆளாகப் பார்க்கட்டும். இறங்கினால் அட்டைக் கட்டுக்குப் பின்னால்தான் போய் நிற்கவேண்டும் என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கால் தானாக அங்கே இழுத்துக்கொண்டு போய்விடும். ரொட்டிக்கடை திறந்திருக்கிறது.

தராசு ஓடாமல் வரிசை நீண்டது. பின்னால் நின்ற இரும்புக்காரர் அலுத்துக்கொண்டார். "காலங்காத்தால என்ன போராட்டம்?"

"நீங்களும் ஒரு நாள் ஏறிப் பாருங்க, தெரியும்" என்றாள் கடைக்குட்டி. அவர் தன் தொப்பையைத் துண்டால் மூடிக்கொண்டார்.

மணி பதினொன்று ஆகியிருந்தது. அம்மா எப்போதும்போலக் கடைக்குள் நுழைந்தாள், ஒரு கையில் வாழைப்பழம், ஒரு கையில் பால் டம்ளர். மகள் மேடையில் உட்கார்ந்திருப்பதையும், கணவர் எடைக்கோலைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும், வரிசையையும் ஒரு பார்வை பார்த்தாள். யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

"என்னங்க, மறுபடியுமா?"

"ஒரே ஒரு தடவைதான்…"

அம்மா மேற்கொண்டு கேட்கவில்லை. நேராக மேடைக்குப் போய்ப் பழத்தையும் பாலையும் நீட்டினாள். "நேரமாச்சு. சாப்பிடு."

"இங்கேயா?"

"இங்கேதான் இருக்கே. வேறெங்க?"

கடைக்குட்டி ஆள் பார்க்கச் சாப்பிட்டு வருஷக்கணக்காயிற்று. பள்ளியில் சுவர்ப் பக்கம் திரும்பித்தான், வீட்டில் தலை குனிந்துதான். பழத்தைக் கையில் வாங்கி ஒரு நிமிஷம் வைத்திருந்தாள். பிறகு உரித்தாள். அவசரமில்லாமல் ஒரு வாய் கடித்தாள், மென்றாள், விழுங்கினாள். நிமிர்ந்து வரிசையைப் பார்த்தபடியே அடுத்த வாய். யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் வாழைப்பழம் தின்பதில் பார்க்க என்ன இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் பாதிப் பேர் வேறுபக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவளுக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்தது. கடைசி வாய்வரை ருசி தெரிந்தது. பாலைக் குடித்து, டம்ளரை அம்மாவிடம் கொடுத்தாள். போதும் என்று வயிறு சொன்னது, அவளுக்குக் கேட்டது.

பாட்டில்காரம்மா எடைக்கோலை எட்டிப் பார்த்தாள். "சரக்கோட பழமும் பாலும் சேந்துடுச்சே. முன்னாடி கூவின எடை செல்லாதுப்பா. சட்டம் சட்டம்தான்."

இந்தத் தடவை கடையே சிரித்தது. கடைக்குட்டியும். அப்பாவுக்கு மட்டும் வரவில்லை. எடைக்கல்லைப் பிடித்திருந்த கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்தக் கை ஏமாற்றவில்லை, ஒருநாளும் ஏமாற்றியதில்லை. ஆனாலும் சரக்குக்காரி சரி சொல்லவில்லை. அவர் போட்ட ஒழுங்கில் அதற்கு ஒரே பதில்தான் இருந்தது. இதை மீறினால் அடுத்த ஞாயிறு பாட்டில்காரம்மா வரமாட்டாள், அவள் வராவிட்டால் மற்றவர்களும் யோசிப்பார்கள். அதைவிட, அப்புறம் அவருக்கே அவர் கடையில் நிற்க முடியாது.

எடைக்கல்லைக் கோலின் பூஜ்ய முனைக்குத் தள்ளிவிட்டார்.

"சரக்கு திரும்புது" என்றார்.

"கேக்கல" என்றாள் கடைக்குட்டி.

"சரக்கு திரும்புது" என்று கூவினார். சைக்கிள் கடைக்காரர் பம்பை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

அவள் எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினாள். தன்னைத் தானே தூக்கிக்கொண்டு பாட்டில் பக்கம் போனாள். அட்டைக் கட்டுப் பக்கம் போகவில்லை.

அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு போனவள், வரிசை நகர்வதற்குள் திரும்பி வந்தாள். வரிசையை மதிக்காமல் முன்னால் போய், அலமாரிப் பூட்டை மேடைமேல் ணங்கென்று போட்டாள். கழுத்துக் கயிற்றை அறுத்துச் சாவியையும் அதன் பக்கத்தில் வைத்தாள்.

"எடை போடுங்க."

அப்பா அவளைப் பார்த்தார். "இது நம்ம பூட்டு."

"பழைய இரும்பு. போடுங்க."

எடைக்கல்லை நகர்த்தினார். அந்தப் பெரிய தராசுக்கு அது ஒரு எடையே இல்லை. கோல் அசைந்தும் அசையாமலும் நின்றது. ஒன்றுமில்லாத ஒரு எண்ணைக் கூவினார். மாமா தன் முழுத் தொண்டையையும் திறந்து திருப்பிக் கூவினார்.

"சரி" என்றாள் அம்மா. மாமா பூட்டை எடுத்து இரும்புக் குவியலில் எறிந்தார்.

அதோடு எல்லாம் தீர்ந்துபோனது என்று யாரும் நினைக்க வேண்டாம். அதன்பிறகும் அட்டைக் கட்டுப் பக்கம் போன நாட்கள் உண்டு, தேர்வு சமயத்தில் ஒருமுறை ரொம்ப மோசமாக. போனதை மறைக்கவில்லை, ஆலோசகரிடம் சொன்னாள், மறுநாள் காலைத் தட்டைத் தள்ளாமல் சாப்பிட்டாள். அப்பா பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவருக்கு எடை தெரியாமல் இருப்பது பெரிய வேதனை. தராசுக்குப் பக்கத்தில் அவள் வரும்போதெல்லாம் அவர் கண் மேடைக்கும் அவளுக்கும் போய்வரும். போகட்டும் என்று அவள் விட்டுவிட்டாள். கண்ணுக்குப் பூட்டு போட முடியாது.

கடை வாசலில் 'இங்கே ஆட்களை எடை போடுவதில்லை' என்று ஒரு பலகை தொங்குகிறது. அதை எழுதி மாட்டியது அப்பாதான். மனம் உருகி எழுதினார் என்று நினைத்தால் தப்பு. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு விஷயம் தெருவில் பரவி, போகிற வருகிறவர்களெல்லாம் 'என்னையும் ஏத்தேன்' என்று மேடையில் ஏறி விளையாட ஆரம்பித்தார்கள். வியாபாரம் கெட்டது. அதனால்தான் பலகை. ஆனால் மாட்டியவர் கழற்றவும் இல்லை.

இப்போது எடைக்கல்லை நகர்த்துவது கடைக்குட்டி. வயது முப்பதை நெருங்குகிறது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து காசு வாங்கிப்போடுகிறார், மாமா பின்னால் அடுக்குகிறார், தொண்டை அப்படியே இருக்கிறது. அவள் ஒல்லியாகிவிடவில்லை. அகலமான தோள், கனத்த கை, ஒரு அட்டைக் கட்டைத் தனியாளாய்ப் புரட்டிப்போடும் உடம்பு. பதினொரு மணிக்குத் தராசுக்குப் பக்கத்தில் நின்றபடியே வாழைப்பழம் சாப்பிடுகிறாள், எல்லோரும் பார்க்க.

போன வாரம் புதிதாக வந்த ஒருவர் பேப்பர் கட்டை மேடையில் வைத்துவிட்டு, அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ ஏறினா இந்தத் தராசு தாங்குமாம்மா? எவ்வளவு இருப்பே?"

நாற்காலியில் இருந்த அப்பா எழுந்திருக்கப் போனார். அவள் கையைக் காட்டி உட்காரவைத்தாள்.

"நான் விக்கிற சரக்கு இல்லைங்க. ஓரடி பின்னால நில்லுங்க, உங்க கால் மேடையில படுது."

அவர் பின்னால் போனார். அவள் எடைக்கல்லை நகர்த்தி, கோல் நிற்கும்வரை பொறுத்து, எடையைக் கூவினாள். மாமா திருப்பிக் கூவினார். அந்த மனிதர் கோலைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"சரி" என்றார்.